அரிப்புக்கு மார்க் கேட்பவள்

மதுமதி வீடு வீடாகப் போய் அரிப்புக்கு மார்க் கேட்பாள். பூஜ்யம் என்றால் அரிப்பே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாத அரிப்பு. இந்த வாரம் உங்களுக்கு எத்தனை? இவ்வளவுதான் கேள்வி. கேட்கச் சுலபம், பதில் சொல்கிறவர்கள்தான் திண்டாடிப் போவார்கள். தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், ஒரு மாடிப்படியின் அடியில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கும் சர்தார், காய்ந்து வெடித்த தன் கணுக்காலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சொல்வார்:

"மிசின் மிதிக்க சொல்லோ எட்டு. சும்மா குந்திகினு இருந்தா அஞ்சு. இப்ப நீ வந்து ஞாபகப்படுத்தினதுல ஒம்போது. இதுல நீ எத்த எழுதுவ?"

அவள் ஏழு என்று எழுதிக்கொள்வாள்.

மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய மருத்துவமனையில் அவளுக்கு அந்த வேலை. அங்கே சித்த மருத்துவம் பார்க்கும் டாக்டர் சூடாமணி ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். குப்பைமேனி, அருகம்புல், வேப்பிலை, மஞ்சள் எல்லாம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் தோல் அரிப்பைக் குறைக்கிறதா என்று பார்ப்பது. பாதிப் பேருக்கு அந்த எண்ணெய். மீதிப் பேருக்கு வெறும் தேங்காய் எண்ணெய், கண்ணை ஏமாற்றப் பச்சை நிறமும் மூக்கை ஏமாற்ற ஏதோ ஒரு வாசனையும் கலந்தது. எல்லாம் ஒரே மாதிரி பாட்டில்கள், மேலே எண் மட்டும் ஒட்டியிருக்கும். எந்த எண்ணில் எது இருக்கிறது என்பது டாக்டருக்கே தெரியாது. மருத்துவமனையில் வேறொருவர் அதைப் பூட்டி வைத்திருந்தார். ஆய்வு முடிந்த பிறகுதான் திறப்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுமதி டாக்டரைக் கேட்டாள். "குப்பைமேனி அரிப்புக்கு நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியுமே மேடம். இதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?"

"எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்," என்றார் டாக்டர். "ஆனா எப்படித் தெரியும்னு கேட்டா பதில் இல்லை. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்கா. கண்ணாடிக் குழாயில போட்டுப் பாத்திருக்கா. மனுஷாளுக்குக் குடுத்து ஒழுங்கா எண்ணிப் பாத்தது ரொம்பக் குறைச்சல். பாத்ததும் சின்னச் சின்னதா இருக்கு. வேப்பெண்ணெய் சில பேருக்கு இன்னும் எரிச்சலைத்தான் குடுக்கறது. நான் இருபது வருஷமா எழுதிக் குடுக்கற எண்ணெய் இது. இதனாலதான் சரியாறதா, இல்லை எந்த எண்ணெயைத் தடவினாலும் சரியாகுமான்னு ஒரு தடவையாவது பாத்துடணும்னு இருக்கு."

மதுமதிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவள் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். படிப்புக்கும் அவள் செய்த வேலைகளுக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக போனில் பேசினாள். கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கணக்கெடுத்தாள். அப்போது கற்றுக்கொண்டதுதான் வெயிலில் நடப்பதும், பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பணிவாகக் கூப்பிடுவதும். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அது சரிப்பட்டு வராமல் மந்தைவெளியில் அப்பா வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இப்போது நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. குப்பைமேனியைப் பற்றிக் கேட்கிற வேலை என்றதும் படித்ததற்கு இத்தனை வருஷம் கழித்து ஏதோ ஒரு உபயோகம் என்று தோன்றியது. முதல் மாதம் அப்படித் தோன்றியது. அப்புறம் பாட்டில்கள் நிறைந்த பையின் கனம்தான் தெரிந்தது.

பகலெல்லாம் ஊராரின் அரிப்பைக் கேட்டுவிட்டு மாலையில் வீடு திரும்பினால் அங்கே அப்பாவின் அரிப்பு காத்திருக்கும்.

அப்பா பஞ்சாட்சரம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் முற்றிச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஆட்டோவில் கூட்டிப் போய்ப் படுக்க வைத்துவிட்டு மதுமதி வேலைக்குப் போவாள். பக்கத்து வீட்டு முருகையன் திரும்ப அழைத்து வருவார். டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் அரிப்பும் வந்து சேர்ந்தது. வெளியே பார்த்தால் தோலில் சிரங்கு இல்லை, தடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. ஆனால் முதுகும் தோளும் முன்கையும் ஓயாமல் அரித்தன. சீப்பால் சொறிவார், சுவரின் மூலையில் தேய்த்துக்கொள்வார். அவள் வாராவாரம் நகத்தை ஒட்ட வெட்டிவிடுவாள். அப்படியும் பனியனில் ரத்தப் பொட்டுகள் இருக்கும். இரவு அவர் புரண்டு புரண்டு படுக்கும் சத்தத்தில் அவளுக்கும் தூக்கம் போயிற்று.

"கண்ணு, உங்க ஆஸ்பத்திரி எண்ணெய்ல கொஞ்சம் எனக்கு எடுத்தாறக் கூடாதா?" என்று கேட்பார்.

"குடுக்கக் கூடாது நைனா. ஒவ்வொரு பாட்டிலுக்கும் நம்பர் கீது. திருப்பி வாங்கி எடை போடுவாங்க. தவிர, அது தோல் வியாதிக்கு. உனக்கு உள்ள இருந்து வர்ற அரிப்பு."

"அரிப்புல உள்ள இன்னா, வெளிய இன்னா? சொறியறது ஒரே கைதானே."

அவள் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவாள்.

ஆய்வில் சேர்ந்தவர்களில் மதுமதிக்கு நெருக்கமாகிப் போனவள் வேலம்மா. சாந்தோம் குப்பத்தில் இருக்கிறவள், கடற்கரைச் சாலை ஓரமாக மீன் விற்கிறவள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரிலும் இறால் ஓட்டிலும் ஊறி ஊறி அவள் இரண்டு கைகளும் செதில் செதிலாக உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தன. முதல் நாள் மார்க் கேட்டபோது, "பத்துக்கு மேல கீதா?" என்று கேட்டவள். மதுமதி போனால் முதலில் ஒரு கவிழ்த்த பக்கெட்டைக் காட்டி உட்காரச் சொல்வாள். "வெயில்ல வந்துகினு கீற, மொதல்ல மூச்சு வுடு," என்பாள். அந்தப் பக்கெட்தான் மதுமதிக்கு அன்றைய ஒரே நாற்காலியாக இருக்கும்.

இரண்டாவது மாதத்தில் வேலம்மாவின் மார்க் விறுவிறுவென்று இறங்கியது. ஒன்பது ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று, பிறகு ஒன்று. செதில் எல்லாம் போய் வெடிப்பு மூடிக்கொண்டது. வேலம்மா குப்பம் பூராவும் கையைக் காட்டிப் பெருமையடித்தாள். மருத்துவமனைக்கு வந்தபோது டாக்டர் சூடாமணி அந்தக் கைகளைத் தன் கைகளில் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுக்க அவர் முகம் மலர்ந்திருந்ததை மதுமதி கவனித்தாள்.

அதற்கு அடுத்த முறை குப்பத்துக்குப் போனபோதுதான் மதுமதிக்கு உறுத்தியது. வேலம்மாவின் கைத்தோல் ஆறியது மட்டுமல்ல, மினுமினுவென்று இருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, அடியில் நீல நரம்பு தெரிந்தது. ஆய்வு தொடங்குவதற்கு முன் டாக்டர் காட்டிய படங்களில் ஒன்று அவள் ஞாபகத்துக்கு வந்தது.

"யக்கா, எண்ணெய் மட்டும்தான் போடுறியா?"

"பின்ன? நீ குடுத்ததுதான்."

சொல்லிக்கொண்டே வேலம்மா வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பையைக் கவிழ்த்தாள். வெற்றிலையோடு ஒரு சின்ன டியூபும் மடியில் விழுந்தது. முக்கால்வாசி பிதுக்கி, அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்தது. மதுமதி அதை எடுத்துப் படித்துப் பார்த்தாள். மருந்துக்கடையில் சீட்டில்லாமலே கொடுக்கிற, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. டாக்டரின் படத்தில் இருந்தது இதை அதிகம் போட்டு மெலிந்த தோல்தான்.

"இது இன்னாக்கா?"

"அது கிரீமு."

"எதுக்கு?"

"கைக்குத்தான். மெடிக்கல் சாப்புல கேட்டேன், குட்த்தாங்க. எண்ணெய் தேச்சி ஊறினப்பறம் மேலாக்க லைட்டா இத்த வெச்சிக்குவேன். ரெண்டும் சேந்து நல்லா கேக்குது."

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனேக்கா! வேற மருந்து ஏதாச்சும் சாப்புடுறியான்னு."

"ஆமா, கேட்ட. சாப்புடலன்னு சொன்னேன். இத்த யாராச்சும் சாப்புடுவாங்களா?"

மதுமதிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கேள்வித்தாளில் அப்படித்தான் இருந்தது: வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அவளும் அதை வரி மாறாமல் படித்துக் கேட்டு, இல்லை என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வேலம்மாவிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும்.

வேலம்மா அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"டாக்டரம்மாகிட்ட சொல்லிடுவியா?"

"சொல்லாம எப்டிக்கா?"

"சொன்னா என் பேர எடுத்துடுவாங்க, இல்ல?"

"கணக்குல சேக்க மாட்டாங்க."

வேலம்மா கொஞ்ச நேரம் மீன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்தம்மா என் கைய புடிச்சி பாத்துச்சு, நீதான் பக்கத்துல நின்னுகினு இருந்த. மீன் கவிச்சின்னு மூஞ்ச சுளிக்கல. எந்த டாக்டரு என் கைய புடிச்சி பாத்தான் இத்தினி வருசத்துல? தூர நின்னு சீட்டு எழுதி தூக்கிப் போடுவான். இப்ப பொய் சொன்னவன்னு நெனைக்கப் போவுது."

மதுமதி எழுந்து நடந்தாள். கடலைப் பார்த்த குட்டிச் சுவரில் சற்று நேரம் உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று உண்மையிலேயே யோசித்தாள். சொன்னால் வேலம்மாவோடு முடியாது. எல்லோரையும் மறுபடி கேட்க வேண்டிவரும். கேட்கப்போவது அவள்தான். தி. நகர், அடையாறு, பாலவாக்கம், மறுபடியும் அத்தனை படிகள். சொல்லாவிட்டால் வாராவாரம் பொய்யென்று தெரிந்த ஒரு மார்க்கை எழுத வேண்டும், டாக்டர் அதைப் பார்த்து மகிழ்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மறைப்பதும் ஒரு வேலைதான். இருக்கிற வேலைகளோடு அதையும் தூக்கிச் சுமக்க அவளிடம் தெம்பு இல்லை. நேர்மை என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பஸ் வந்தது, ஏறினாள்.

டாக்டர் சூடாமணி முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அந்தக் கேள்வியை நான்தான் எழுதினேன். சாப்பிடறேளான்னு. தப்பு என்னோடது."

அவர் ஆய்வில் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"எல்லாரையும் மறுபடி கேக்கணும், மதுமதி."

"எல்லாரையுமா மேடம்?"

"எல்லாரையும். பாட்டிலையும் வாங்கிண்டு வந்துடுங்கோ. அந்த அம்மாவை என்னை வந்து பாக்கச் சொல்லுங்கோ. ஆய்வுல இல்லாட்டா என்ன, நான் டாக்டர்தானே? அந்தக் களிம்பைத் திடீர்னு நிறுத்தினா கை இன்னும் மோசமாயிடும்."

செய்தியைச் சொல்லப் போனபோது வேலம்மா பக்கெட்டைக் காட்டவில்லை. "வரேன் வரேன்," என்று வேறு பக்கம் பார்த்துச் சொன்னாள். வரவில்லை.

அப்போது கத்திரி வெயில் தொடங்கியிருந்தது. மதுமதி குடையும் தண்ணீர் பாட்டிலுமாக மறுபடி எல்லா வீட்டுக்கும் போனாள். இந்த முறை கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டு, "என்னதான் போட்டீங்க, உண்மையைச் சொல்லுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க," என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், எல்லோரும் சொன்னார்கள்.

சர்தார் எண்ணெய்க்கு மேல் தினமும் பவுடர் போட்டிருந்தார், கால் பிசுபிசுத்தால் துணி அழுக்காகிறது என்று. வடக்கு மாட வீதியில் ஒரு மாமி பாட்டிலைப் பூஜை மாடத்தில் வைத்திருந்தாள், முக்கால் காலியாக. "நன்னா சுத்தமான எண்ணெய்டீ. உடம்புல தடவி வீணாக்குவானேன்னு ஆத்துல விளக்கேத்திண்டு இருக்கேன். அரிப்புதான் அதுவா போயிடுத்தே!" என்றாள். சொல்லிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தாள்.

அடையாறில் ஷீலா என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர். எப்போதும் அமைதியாக நான்கு, மூன்று என்று சொல்லிக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து அனுப்புகிறவள். இந்த முறை முழுக்கையை மடித்துக் காட்டினாள். முழங்கையின் உள்பக்கம் சிவந்து புண்ணாகிக் கிடந்தது.

"எண்ணெய் போட்டதுமே எரிஞ்சுது மேடம். ரெண்டாவது வாரமே நிறுத்திட்டேன்."

"மூணுன்னு சொன்னீங்களே?"

ஷீலா சங்கடத்தோடு சிரித்தாள். "நீங்க வேர்த்து விறுவிறுத்து மூணு மாடி ஏறி வர்றீங்க. நல்லா இருக்குன்னு சொன்னா உங்க முகம் கொஞ்சம் தெளியுது. எட்டுன்னு சொல்ல மனசு வரல. பாவமா இருந்துச்சு."

மதுமதி படியிறங்கி வந்து கீழே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில், ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலைவிட இதுதான் அவளைச் சாய்த்துவிட்டது. களிம்பு போட்டதைக்கூட விட்டுவிடலாம். எத்தனை பேர் அவள் முகத்தைப் பார்த்து மார்க் போட்டார்கள்? அவள் களைப்பாகத் தெரிந்த நாளில் அரிப்பு குறைந்ததாமா? அந்த எண்களைத் திருத்த எந்தக் கேள்வியும் இல்லை. அன்று அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் குழாயில் முகம் கழுவிக்கொண்டாள்.

பாலவாக்கத்தில் கடைசி வீடு. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பங்களாவில் சமையல் செய்யும் ஷரீஃப், எண்ணெயைக் கைக்குப் பாதியும் தலைக்குப் பாதியுமாகத் தேய்த்திருந்தார். "முடி கொட்றது நின்னுச்சும்மா, அத்தையும் எழுதிக்க," என்றார். அவரிடம் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வருவதற்குள் மருத்துவமனை அலுவலகம் மூடிவிட்டது. பாட்டில் பையிலேயே வீட்டுக்கு வந்தது.

வீட்டில் அப்பாவுக்குச் சாப்பாடு போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியதுதான் ஞாபகம். விழித்தபோது விடிந்திருந்தது. அப்பா கட்டிலில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அவள் பார்த்திராத ஆழ்ந்த தூக்கம். தோளும் முதுகும் பளபளத்தன. பாட்டில் தலைமாட்டில் இருந்தது, அடியில் ஒரு விரல்கடை எண்ணெயோடு.

"நைனா!"

அவர் கண் விழித்தார். பாட்டிலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"திட்டாத கண்ணு. பையிலேர்ந்து எட்டிப் பாத்துகினு இருந்துச்சு. முருகையன கூப்ட்டு முதுகுல தேச்சிவிட சொன்னேன். எத்தினி நாளாச்சு இப்டி தூங்கி! உங்க எண்ணெய் நல்ல எண்ணெய்."

அவள் திட்டவில்லை. பாட்டிலைத் துடைத்துப் பையில் வைத்தாள். மருத்துவமனையில் எடை போடும்போது கணக்கு இடிக்கும். அதையும் சொல்ல வேண்டும். சொன்னாள். டாக்டர் சூடாமணி அதைக் கேட்டு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். அதில் சந்தோஷம் இல்லை.

"விளக்குக்கு ஒருத்தர், தலைக்கு ஒருத்தர், இப்போ உங்க அப்பா. சரி, அவரை அழைச்சிண்டு வாங்கோ. இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

சொல்ல என்ன இருக்கிறது? இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஆட்டோ, இன்னொரு வரிசை. அப்பாவை இன்னொரு டாக்டரிடம் காட்டுவதை நினைத்தாலே அவளுக்கு மலைப்பாக இருந்தது. அதனால் அரிப்பை அரிப்பாகவே விட்டுவிட்டாள்.

டாக்டர் பஞ்சாட்சரத்தின் தோலைப் பார்த்தார். நிறையக் கேள்வி கேட்டார்.

"ஐயா, இது கிட்னியால வர்ற அரிப்பு. தோல் காஞ்சு போயிருக்கறதால இன்னும் அதிகமாத் தெரியறது. எண்ணெய் தேச்சா வறட்சி குறையும், கொஞ்சம் சுகமா இருக்கும். ஆனா வேர் அங்க இல்லை. உங்க கிட்னி டாக்டருக்கு நான் எழுதித் தரேன். ரத்தத்துல பாஸ்பரஸ் பாக்கணும். டயாலிசிஸ் ஆனப்புறம் குடுக்கற மாத்திரை இருக்கு, உங்களுக்கு ஒத்துக்குமான்னு அவர்தான் சொல்லணும்."

"மூலிகையில ஒண்ணும் இல்லையா டாக்டரு?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார் அவர். "சித்த வைத்தியம்னுதான் ஆசையா வந்தேன்."

"மஞ்சளை வெச்சு, புதினா எண்ணெயை வெச்சு உங்களை மாதிரி டயாலிசிஸ்ல இருக்கறவாளுக்குப் பாத்திருக்கா. கொஞ்சம் குறைஞ்சுதுன்னு எழுதியிருக்கா. ஆனா கொஞ்சம் பேரை வெச்சுப் பாத்தது. அதை நம்பி நான் மருந்துன்னு குடுக்க மாட்டேன். கண்ட கஷாயமும் குடிச்சுடாதீங்கோ. உங்க கிட்னி அதைத் தாங்காது."

கிட்னி டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, சாப்பாட்டில் சிலதை நிறுத்தச் சொல்லி, மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார். முதல் வாரம் அப்பா தூக்கக் கலக்கத்திலேயே இருந்தார். பிறகு அது பழகியது. அரிப்பு போய்விடவில்லை. ஆனால் சீப்பை எடுப்பது குறைந்தது. பனியனில் ரத்தப் பொட்டு எப்போதாவதுதான் இருந்தது. மதுமதி இரவில் சில மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, மருத்துவமனை வாசலில் வேலம்மா நின்றிருந்தாள். கைகளைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தாள். அவளாகவே களிம்பை ஒரேயடியாக நிறுத்தியிருந்தாள். ரோஷத்தில் நிறுத்தியது. கைகள் முன்பைவிட மோசமாகச் சிவந்து வீங்கி, நீர் கசிந்தன. மதுமதி அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அப்பவே வான்னு சொன்னேனேக்கா."

"வந்தா இன்னா சொல்லுமோன்னு பயம்." அவள் அழுதுவிட்டாள். "ரெண்டு நாளா மீன கழுவக்கூட முடியல. எம் பொண்ணு அன்புக்கரசிதான் குந்தி விக்குது."

டாக்டர் சூடாமணி அந்தக் கைகளை முன்பு போலவே ஏந்திப் பார்த்தார். களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்த ஒரு தோல் டாக்டரிடம் போன் பேசி அன்றைக்கே அனுப்பினார். களிம்பைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், பருத்திக் கையுறை போட்டு அதன் மேல் ரப்பர் உறை போட்டுத்தான் இறாலைத் தொட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள்.

"கையுற போட்டுகினா மீனு வழுக்கிகினு போவும். இதெல்லாம் ஆவற கதையா?" என்றாள் வேலம்மா, திரும்பி வரும் வழியில். ஆனால் வாங்கிக்கொண்டாள்.

மழைக்காலம் தொடங்கும்போது எண்களைத் திறந்தார்கள். டாக்டர் மதுமதியையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். மூலிகை எண்ணெய் தேய்த்தவர்களுக்கும் அரிப்பு குறைந்திருந்தது, வெறும் எண்ணெய் தேய்த்தவர்களுக்கும் குறைந்திருந்தது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. களிம்பு, பவுடர், விளக்கு என்று பாதிப் பேரைக் கழித்த பிறகு மிஞ்சியவர்களை வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்லவும் முடியாது.

"அப்ப குப்பைமேனி வேலை செய்யலையா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாது. செய்யறதுன்னும் சொல்ல முடியாது. எண்ணெய் தடவறது நல்லது, அது மட்டும் சொல்லலாம்."

"இதையேதான் எழுதப் போறீங்களா?"

"வேற எதை எழுதறது?" டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. "இருபது வருஷமா எழுதிக் குடுத்திருக்கேன். நாளைக்கும் யாராவது அரிக்கறதுன்னு வருவா. குடுக்கத்தான் போறேன். ஆனா இனிமே, கேக்கும்னு அவ்வளவு தைரியமா வாய் வராது."

பாலவாக்கத்துப் பாட்டிலில் இருந்தது வெறும் தேங்காய் எண்ணெய். மதுமதி அன்று மாலை அதை அப்பாவிடம் சொன்னாள். மறைக்கலாமா என்று வழியில் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள்.

பஞ்சாட்சரம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "வெறும் தேங்காய் எண்ணெயா? அன்னிக்கு அப்டி தூங்கினேனே."

"ஆமா நைனா."

"அப்ப கடையில ஒரு லிட்டரு வாங்கிப் போடு. முருகையன் ஓசியில தேச்சி விடுறான், எண்ணெயாச்சும் நம்முதா இருக்கட்டும்."

ஆய்வோடு மதுமதியின் ஒப்பந்தமும் முடிந்தது. டாக்டர் சூடாமணி அடுத்து மூட்டுவலித் தைலம் ஒன்றைப் பார்க்கப் போவதாகவும், இந்த முறை கேள்விகளை அவளோடு உட்கார்ந்து எழுத வேண்டும் என்றும், தை மாதத்தில் வர முடியுமா என்றும் கேட்டார்.

"மூணு மாடிக்கு மேல இருக்கறவங்களைச் சேக்காதீங்க மேடம். எனக்கே முட்டி வலிக்குது," என்றாள் மதுமதி. வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

அதற்குள் செய்ய வேண்டியவை இருந்தன. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஊசி போடும் கையில் வீக்கம், அதைக் காட்ட வேண்டும். கூரையில் ஒழுகும் இடத்துக்கு ஆள் பார்க்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை. அப்பாவை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு வந்து, போகவேண்டிய வீடு என்று ஒன்றும் இல்லாததால், உடுத்திய புடவையோடு பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்தாள். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். முருகையன் வந்து கதவைத் தட்டி, "மதும்மா, உங்கப்பாவ கூட்டிகினு வந்துட்டேன்," என்று சொல்லும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.